சமைக்கத் தெரியாதவள்

நீலாம்பாளுக்குச் சமைக்கத் தெரியாது என்று முதன்முதலில் சொன்னது வேறு யாரும் இல்லை, நீலாம்பாளேதான். அதை மறைத்துவிட்டு மேற்கொண்டு கதை சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு பிள்ளையை வயிற்றுப்போக்கில் பறிகொடுத்து, புருஷனை அறுவடைத் தகராறில் பறிகொடுத்து, மிச்சமிருந்த ஒரே பெண்ணோடு காலம் தள்ளியவள், நெட்டியந்திடல் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கொட்டகையில், எண்பத்திரண்டு தட்டுகளுக்கு முன்னால் அகப்பையோடு நின்று, "எனக்குச் சமைக்கத் தெரியலயே" என்று வாய்விட்டு அழுதாள். அப்போது அவளுக்கு வயது முப்பது.

எப்படித் தெரியும், சொல்லுங்கள். காலனியில் பிறந்தவள். அவள் அம்மா விடியுமுன் பண்ணைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். கூலி நெல்லாக வரும். குத்தி, புடைத்து, ஒரே பானையில் தண்ணீரை நிறைய ஊற்றிக் காய்ச்சுவாள். வடிக்கிற வழக்கம் கிடையாது. வடித்தால் கஞ்சி தனியாகப் போய்விடும், சோறு கொஞ்சமாகத் தெரியும், பிள்ளைகள் அழும். தொட்டுக்கொள்ள வயல் நண்டு, நத்தை, ஒன்றுமில்லாத நாளில் உப்பும் மிளகாயும். துவரம்பருப்பை நீலாம்பாள் கண்டது பண்ணை வீட்டுக் கல்யாணத்தில், கொல்லைப்பக்கம் வரிசையில் நின்று வாங்கித் தின்றபோதுதான். அந்த வீட்டில் மாட்டுக்கொட்டகை வரைக்கும் போகலாம். அடுப்படி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கைமணம், கைப்பக்குவம் என்று பெரிசாகப் பீற்றிக்கொள்கிறார்களே, அம்மா சொல்லித் தந்தாளாம், அந்த அம்மாவுக்கு அவள் அம்மா சொல்லித் தந்தாளாம். அந்த அம்மாக்கள் வீட்டில் பருப்பு இருந்தது, எண்ணெய் இருந்தது, சொல்லித் தந்தார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நீலாம்பாளின் அம்மாவிடம் சொல்லித் தர என்ன இருந்தது!

மூன்றாம் வகுப்பு வரை படித்தாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசிப்பாள். பதினாறு வயதில் அரசப்பனுக்கு வாக்கப்பட்டாள். அரசப்பன் செல்லதுரையின் பண்ணையில் வேலைக்காரன், சங்கத்துக்காரன். செல்லதுரை எப்பேர்ப்பட்ட ஆள் என்றால், ஆட்சி மாறும்போதெல்லாம் வாசல் கொடியையும் மாற்றிக்கொள்வார், நிலம் மட்டும் கைமாறாது. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மாடு மேய்க்கிறவன் பேரில்கூட இரண்டு வேலி நிலம் எழுதி வைத்தவர். அந்த மாடு மேய்க்கிறவனுக்கே அது தெரியாது.

ஒரு தை மாதம், கூலியை அரை மரக்கால் கூட்டிக் கேட்டார்கள் என்று வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுவடைக்கு இறக்கினார் செல்லதுரை. வரப்பில் மறித்து நின்றவர்களில் அரசப்பனும் ஒருவன். அன்று அடிதடியில் சிதறி ஓடியவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் வாய்க்கால் மதகில் கிடந்தான். கேஸ் ஆறு வருஷம் நடந்து, சாட்சி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதே பண்ணையில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை நீலாம்பாளுக்கு. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அதற்குப் பிறகு செல்லதுரை பண்ணையில் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை. அவருக்குப் பயந்து பக்கத்துப் பண்ணைகளிலும் சேர்க்கவில்லை. நாலு மைல் நடந்து, முகம் தெரியாத ஊர்களில் வரப்போரம் நின்று, "ஆள் வேணுமாங்க" என்று கேட்டுக் கேட்டு ஏழு வருஷம் ஓட்டினாள்.

அப்போதுதான் பள்ளிக்கூடந்தோறும் சத்துணவு என்று அரசாங்கம் அறிவித்தது. சமையலர் வேலைக்கு விதவைக்கு முன்னுரிமை, காலனிக்காரர்களுக்கு முன்னுரிமை. தலைமையாசிரியர் ரெங்கசாமி அவளைக் கூப்பிட்டு மனு எழுதி அனுப்பினார். நல்ல மனுஷர், ஆனால் பயந்தாங்கொள்ளி. அமைப்பாளர் வேலைக்கு ஆள் வராததால் அதையும் அவரே பார்த்தார். உத்தரவு வந்த அன்று நீலாம்பாள் அந்தக் காகிதத்தை நாலு தடவை எழுத்துக் கூட்டி வாசித்தாள். இனி எவன் வரப்பிலும் போய் நிற்க வேண்டாம். அது ஒன்றுதான் அவளுக்கு அதில் எழுதியிருந்தது.

முதல் நாள் தோரணம் கட்டி, அதிகாரிகள் வந்து, இரண்டு தெருப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நீலாம்பாள் தனக்குத் தெரிந்த மாதிரி ஆக்கினாள். காலனிப் பானைக்கு ஊற்றுகிற கணக்கில் தண்ணீரை ஊற்றினாள். பருப்போடு புளியையும் உப்பையும் சேர்த்தே போட்டு உலையேற்றினாள். எல்லாம் ஒன்றாக வெந்தால் ருசியாக இருக்கும் என்று அவளுக்கு நினைப்பு. சோறு களியாகிவிட்டது. பருப்போ மூன்று மணி நேரம் கொதித்தும் கல்லாகவே கிடந்தது. காலனிப் பிள்ளைகள் தின்றார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் அவள் அழுதது.

மறுநாளிலிருந்து ஊர்த்தெருப் பிள்ளைகள் மத்தியானத்துக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரத்தில் வட்டார அலுவலகத்துக்கு மனு போயிற்று. 'சோறு குழைவு, பருப்பு வேகவில்லை. சமைக்கத் தெரியாதவரை மாற்ற வேண்டுகிறோம்.' ரெங்கசாமி வாசித்துக் காட்டினார். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று செல்லதுரை டீக்கடையில் சொன்னதும் காதுக்கு வந்தது. நீலாம்பாள் கோபப்படவில்லை. மனுவில் எழுதியிருந்தது அத்தனையும் நிஜம். "கத்துக்கறேன் சார். சரியா ஆக்குனா வந்துருவாங்க" என்றாள். ரெங்கசாமி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுஷர்.

கற்றுக்கொள்வது யாரிடம்? ரோட்டுக் கடைத்தெருவில் லத்தீஃபா மளிகைக்கடை வைத்திருந்தாள். புருஷன் மீரா உசேன் துபாயில். கொட்டகைக்குத் தாளிக்கிற சாமான் அங்கேதான். நீலாம்பாள் கூச்சத்தோடு, "பருப்பு ஏங்க வேகமாட்டேங்குது?" என்று கேட்டாள். லத்தீஃபா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்தாள். அட்டை இல்லை. முதல் நாலு பக்கமும் இல்லை. மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக் கனத்துக் கிடந்தது.

"எங்கம்மா நான் கைப்புள்ளையா இருக்கறப்பவே மவுத்தாயிட்டாங்க. கல்யாணமாகி வந்தப்ப எனக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது. மாமியா கரிச்சுக் கொட்டுனாங்க. எங்க வீட்டுக்காரரு கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல இத வாங்கிட்டு வந்து, யாருக்கும் தெரியாமப் படிச்சுக்கன்னு குடுத்தாரு. இப்ப எனக்கு மனப்பாடம். நீ எடுத்துட்டுப் போ."

"நான் தொட்ட புஸ்தகத்த திரும்ப வாங்குவீங்களாக்கா?"

"ஏன், நீ தொட்டா எழுத்து அழிஞ்சு போயிருமா?" என்றாள் லத்தீஃபா. 

அந்தப் புத்தகத்தில் ராஜ விருந்து ஒன்றும் கிடையாது. சோறு, சாம்பார், ரசம், கூட்டு, துவையல், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, அவ்வளவுதான். தினம் வீட்டில் ஆக்குகிற சமாசாரம். அதன் பெருமையே அதில்தான் இருந்தது. அரிசியை மூன்று தண்ணீரில் களைய வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தது. எவ்வளவு தண்ணீர், எப்போது கிளற வேண்டும், எப்போது கிளறக் கூடாது, பருக்கையை இரண்டு விரலால் நசுக்கிப் பார்ப்பது எப்படி, எல்லாம் எழுதியிருந்தது. 'இது உங்களுக்குத் தெரிந்ததே' என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, முகம் சுளிக்காமல் சொல்லிக்கொண்டே போயிற்று. நீலாம்பாளோடு அதுவரை அப்படி யாரும் பேசியதில்லை.

பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. 'பருப்பு மலர வெந்த பிறகே புளியும் உப்பும் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் பருப்பு வேகாது.' அட, இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இந்த ஒரு வரி தெரியாமல் அல்லவா எண்பத்திரண்டு பேர் முன்னால் தலைகுனிந்து நின்றோம்.

புத்தகத்து அளவெல்லாம் நாலு பேருக்கு. அதை இருபதால் பெருக்கப் போனவளை லத்தீஃபா தடுத்தாள். "அரிசி பருப்பப் பெருக்கிக்க. உப்பையும் காரத்தையும் அப்புடியே பெருக்காத. முக்கால்வாசி போட்டுட்டு நாக்குல வச்சுப் பாரு." நீலாம்பாள் முதலில் தன் வீட்டில் நாலு பேர் அளவில் ஆக்கிப் பழகினாள். காலனியில் முதன்முதலாகச் சாம்பார் மணத்தது அவள் குடிசையில்தான். மகள் தேன்மொழி தட்டை வழித்து நக்கினாள். பக்கத்துக் குடிசை ராசம்மாள் எட்டிப் பார்த்து, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஒதவாதும்பாங்க, ஒனக்கு ஒதவுதே" என்றாள். ராசம்மாளின் மாமனாருக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைக்கிற விதத்தை அவளை வாசலில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினாள் நீலாம்பாள். அதற்குப் பிறகு கொழுக்கட்டைக்கு மாவு கிளற, கீரை நிறம் மாறாமல் கடைய என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள். காலனியில் பருப்பு வாங்கக் காசிருந்த நாட்களில் அந்த அட்டையில்லாப் புத்தகம் வீடு வீடாகப் போய்வந்தது.

கொட்டகையிலும் சோறு பூவாக உதிர்ந்தது. பருப்பு மலர்ந்தது. ஊர்த்தெருப் பிள்ளைகள் வரவில்லை. மனு வந்தது. 'காரம் அதிகம். குழந்தைகள் வயிறு தாங்கவில்லை.' புத்தகத்தைப் பார்த்து மிளகாயைக் குறைத்தாள். அடுத்த மனு, 'புளிப்பு தாங்கவில்லை.' பழம்புளியானால் பாதி போதும் என்று புத்தகத்தில் இருந்தது, பாதியாக்கினாள். 'சோற்றில் கல்.' அரிசியை விரித்துப் பொறுக்கினாள், கண் வலிக்கப் பொறுக்கினாள். 'சாம்பாரில் மணம் இல்லை.' தன் வீட்டுக்கு வாங்கிய பெருங்காயத்தைக் கொண்டுபோய்ப் போட்டாள். ஒவ்வொரு மனுவையும் வாத்தியார் சொல்கிற திருத்தம் மாதிரி எடுத்துக்கொண்டாள், பாவி. இன்னும் ஒரே ஒரு குறைதான், அதையும் சரி பண்ணிவிட்டால் நாளைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று நம்பினாள். எண்பத்திரண்டு பேருக்கு உலை வைக்க ரெங்கசாமிக்கு மனசு வரவில்லை, பதினொரு பேருக்கு மட்டும் வைக்கத் துணிச்சல் வரவில்லை. நாற்பது பேருக்கு வைக்கச் சொன்னார். பதினொரு காலனிப் பிள்ளைகள் தின்றது போக மிச்சத்தைச் செல்லதுரையின் பண்ணையாள் வாளியில் வாங்கிப் போவான். மாட்டுக்குத் தொட்டியில் ஊற்றுவார்கள். மாடுகள் மனு எழுதவில்லை.

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. அடுத்த ஐப்பசியில் அடைமழை. கொட்டகைக் கூரை ஒழுகி, உப்பு மூட்டை மொத்தமும் கரைந்து தரையோடு ஓடிவிட்டது. காலனிப் பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு வாய்க்கால் பெருகிக் காலனிக்கும் போக முடியவில்லை, கடைத்தெருவுக்கும் போக முடியவில்லை. "ஒரு நாள்தானே, இல்லாமயே ஆக்கு" என்றார் ரெங்கசாமி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். பதினொரு பிள்ளைகளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார்கள். ரெங்கசாமியும் ஒரு கவளம் வாயில் போட்டு, விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்தார்.

நாலு நாள் கழித்து மனு வந்தது. தேதி அந்த மழை நாளேதான். பதினெட்டுக் கையெழுத்து. ரெங்கசாமி வாசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். நீலாம்பாள் அதை வாங்கி, விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். 'இன்று சாம்பாரில் உப்பு கரித்து, குழந்தைகள் வாந்தி எடுத்தனர்.'

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. எங்கேயாவது உப்பு விழுந்திருக்குமோ என்றுகூட யோசித்தாள், அப்படியொரு வெகுளி. பிறகு புரிந்தது. அந்த முதல் நாளுக்குப் பிறகு ஊர்த்தெருவில் ஒருத்தர் வாயிலும் அவள் சோறு பட்டதில்லை. காரமும் புளிப்பும் கல்லும் அவர்களாக உட்கார்ந்து எழுதியது. அவள் அடுப்பில் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வருஷம் நாக்கைச் சுட்டுக்கொண்டது எல்லாம் யாருக்காக?

"சார், ஒங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

ரெங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். "ஊர்ல யாருக்குத்தாம்மா தெரியாது? ஒனக்கு மட்டுந்தான் தெரியல."

அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அரசப்பனை மதகில் பார்த்தபோதுகூட அழுகைதான் வந்தது. இப்போது அழுகை வரவில்லை.

கார்த்திகையில் விசாரணைக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். செல்லதுரையும் நாலைந்து பேரும் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். மத்தியானமாகிவிட்டது, அதிகாரிக்குப் பசி. நீலாம்பாள் தட்டில் சோறும் கத்திரிக்காய் சாம்பாரும் வைத்தாள். மனுஷர் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே, "நல்லா இருக்கும்மா" என்றார். அதே கையால் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல கையெழுத்துப் போட்டுடு. பக்கத்து ஊர் சத்துணவு மையத்துல ஒன்ன உதவியாளரா போட்டுர்றேன். பாத்திரம் கழுவற வேலை. கொஞ்சம் கொறைஞ்சாலும் மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும்."

நீலாம்பாள் வாசித்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. 'எனக்குப் போதிய சமையல் அனுபவம் இல்லாததாலும், தயாரித்த உணவு உண்ணத் தகுதியற்றதாக இருந்ததாலும், என்னைச் சமையலர் பணியிலிருந்து விடுவிக்குமாறு நானே கேட்டுக்கொள்கிறேன்.'

"அய்யா இப்ப சாப்ட்டீங்களே" என்றாள்.

"அது வேறம்மா."

"அன்னைக்கு உப்பு கரிச்சுதுன்னு எழுதியிருக்காங்க. அன்னைக்கு நான் உப்பே போடலைங்க. சாரக் கேளுங்க."

அதிகாரி ரெங்கசாமியைப் பார்த்தார். ரெங்கசாமி ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை அவரும். இந்த மாதிரி எத்தனை ஊரைப் பார்த்தவரோ. "இது ருசி சமாசாரம் இல்லன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நான் எதையாவது எழுதணுமே."

"உள்ளத எழுதுங்க. காலனிக்காரி ஆக்குனா ஊர்த்தெருவுல திங்கமாட்டாங்கன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். பாத்திரம் கழுவறேன், பெருக்கறேன், என்ன வேலை குடுத்தாலும் செய்றேன்."

"அப்படி எழுதுனா அது கேஸும்மா. பதினெட்டுப் பேர் மேல கேஸு. நடக்கற காரியமா?"

"அப்ப சமைக்கத் தெரியாதுன்னு மட்டும் என்னையச் சொல்லச் சொல்லாதீங்க."

"கையெழுத்து இல்லன்னா வேலையிலேர்ந்து நீக்குனதா எழுதணும். அப்பறம் எந்த மையத்துலயும் எடுக்கமாட்டாங்க. யோசிச்சுக்க. பொம்பளப்புள்ள வச்சிருக்க."

அவள் யோசித்தாள். யோசிக்காமல் எப்படி இருக்க முடியும்? ஏழு வருஷம் நின்ற வரப்புகள் எல்லாம் கண்முன் வந்தன. பேனாவைக் கையில் எடுத்தாள், மூடியைக்கூடக் கழற்றினாள். பிறகு மூடி, காகிதத்தின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டாள். பிள்ளைகள் தட்டோடு காத்திருந்தார்கள். பதினொரு பேருக்கும் பரிமாறி, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து, சாவியை ரெங்கசாமி மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

வேறு சமையலர் வரும்வரை மையத்தை மூடிவிட்டார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. பதினொரு பேர்தான் மத்தியானம் மணியடித்ததும் பள்ளிக்கூட அடிபம்பில் தண்ணீர் குடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தேன்மொழியும் ராசம்மாளின் இரண்டு பிள்ளைகளும் அதில் சேர்த்தி. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ராசம்மாள் நீலாம்பாளின் வாசலில் வந்து நின்றாள்.

"பக்கத்து ஊருக்கு நீ போயிருந்தா, இங்க அன்னைக்கே வேற ஆளப் போட்டிருப்பாங்க. ஒரு கையெழுத்து. ஒன் மானத்த எம்புள்ளைங்க வயித்துல வச்சுட்டியே நீலா."

ராசம்மாள் சொன்னதில் பொய் இல்லை. லத்தீஃபா ஒரு படி பருப்பும் அரிசியும் அனுப்பினாள். புத்தகத்து அளவில் பதினொரு பேருக்கும் ஆக்கிப் போட்டாள் நீலாம்பாள். ஒரு நாளைக்குத்தான் வந்தது. அதற்கு மேல் எங்கே போக?

மறுபடியும் நாலு மைல் நடந்து களையெடுக்கப் போனாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தபோது, தேன்மொழி முழங்காலைக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பத்து வயதுக்கு எல்லாம் புரிகிறது.

"ஏம்மா, அந்தக் கையெழுத்தப் போட்டிருக்கலாம்ல?"

நீலாம்பாள் மடியிலிருந்த கூலி நெல்லை முறத்தில் கொட்டினாள். கால் சேற்றைக்கூடக் கழுவவில்லை.

"ஒரு வருசம் நீயும் தின்னியேடி. சமைக்கத் தெரியாதவ ஆக்குன சோறா அது?"

தேன்மொழி யோசித்துப் பார்த்தாள். பசியில் இருக்கிற பிள்ளை, ஒப்புக்குச் சொல்லக்கூட அதற்குத் தெம்பில்லை.

"இல்லம்மா."

"அப்பறம் நான் எப்புடிடி போடுவேன்?"